கடல் ஏறும்போது சாயும் தரை

சயோ கடைந்து கொடுத்த மூன்றாவது உருளையையும் பட்டறை ஆசிரியர் குராமோச்சி சென்செய் கழிவுத் தகரப் பெட்டிக்குள் போட்டார். டங்கென்று சத்தம் கேட்டது. பட்டறையில் இருந்த நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தோம்.

"முப்பத்தொன்பது புள்ளி ஒன்பது எட்டு," என்றார். "நான் கேட்டது நாற்பது மில்லிமீட்டர்."

"நான் அளந்தப்ப சரியா நாற்பதுதான் இருந்திச்சு, சென்செய்."

"அப்போ உன் இடத்திலேருந்து என் மேஜைக்கு வர்ற வழியில தேஞ்சிருக்கும்."

பையன்கள் சிரித்தார்கள். சயோ சிரிக்கவில்லை. கோபம் வந்தால் அவள் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள். அன்றைக்கு அவளுக்கு உதடே இல்லாதது போலிருந்தது.

ஒகினோசே தொழில்நுட்பக் கல்லூரியில் நாங்கள் அப்போது இரண்டாம் ஆண்டு. பதினைந்து வயதில் நடுநிலைப் பள்ளி முடித்த கையோடு வந்து சேர்ந்தவர்கள். இருபது வயதில் வெளியே போவோம். எங்கள் வயதுப் பிள்ளைகள் வேறு ஊர்களில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு மனப்பாடம் செய்துகொண்டிருக்க, நாங்கள் நீல நிற வேலை உடுப்பின் பைகளில் இரும்புச் சுருளைச் சுமந்துகொண்டு அலைவோம். இயந்திரப் பிரிவில் மூன்றே பெண்கள். ஒருத்தி தினமும் ரயிலில் வந்து போவாள். மற்ற இருவர், சயோவும் நானும், விடுதியில் ஒரே அறை.

சயோ மலைப்பக்கத்து ஊர்க்காரி. கல்லூரிக்கு வரும்வரை கடலை மொத்தம் நான்கு தடவைதான் பார்த்திருந்தாளாம். நான் எதிரே தெரியும் தீவில் பாசி வளர்க்கும் வீட்டில் பிறந்தவள். என் பெயர் ஃபுமி. வாயாடி என்று பெயர் வாங்கியவள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று மதியம் வகுப்பு முடிந்ததும் சயோ நேராக சென்செய்யிடம் போனாள். நான் துடைப்பத்தோடு பக்கத்திலேயே நின்றேன்.

"போன மாசத்திலேருந்து செஞ்சதுல ரெண்டு சரியா வந்திச்சு, மூணு தப்பா வந்திச்சு. ஒரே கை, ஒரே மெஷின். அப்போ வேற ஏதோ மாறுது, சென்செய்."

"என்ன மாறுது?"

"தெரியல. நீங்க அளக்கற மேஜை சரியா இருக்குன்னு யாரு சொன்னாங்க?"

நான் துடைப்பத்தை நிறுத்திவிட்டேன். குராமோச்சி சென்செய் நாற்பத்தைந்து வயதுக்காரர்; சிரிப்பதைக் குறைத்துக்கொண்டவர். அந்த மேஜை இரண்டு ஆள் நீளக் கருங்கல். கண்ணாடி போல் தேய்த்தது. அதன் மேல் யாராவது தேநீர்க் குவளையை வைத்தால் அன்றைக்குப் பட்டறையே அதிரும்.

அவர் கோபப்படவில்லை. அலமாரியைத் திறந்து மரப்பெட்டி ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். உள்ளே ரசமட்டம். கொத்தனார் வைத்திருப்பது போன்றதல்ல. கனமான வார்ப்பிரும்பு அடி, மேலே கோடு போட்ட கண்ணாடிக் குழல். ஒரு மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையைத் தலைமுடியின் தடிமனில் கால் பங்கு தூக்கினாலும் குமிழி ஒரு கோடு நகர்ந்துவிடும்.

"நீயே பாத்துக்கோ. மேஜை சரியா இருந்தா நாலு வாரம் பட்டறையைக் கூட்டணும்."

"சரியில்லைன்னா?"

"அதெல்லாம் நடக்காது."

சயோ ரசமட்டத்தைக் கல்லின் மேல் வைத்தாள். குமிழி மெல்ல ஊர்ந்து வந்து நடுவில் நின்றது. ஒரு மயிரிழை கூடப் பிசகவில்லை.

"துடைப்பம் அந்த மூலையில இருக்கு," என்றார் சென்செய்.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ரசமட்டத்தைப் பெட்டியில் திருப்பி வைக்க அவருக்கு மறந்துவிட்டது. மறுநாள் காலை எட்டரைக்குப் பட்டறையைக் கூட்டப் போன சயோ அதை எட்டிப் பார்த்தாள். குமிழி ஜன்னல் பக்கமாக முக்கால் கோடு போயிருந்தது.

வகுப்புக்கு ஓடி வந்து என் காதில் சொன்னாள். "யாராவது இடிச்சிருப்பாங்க," என்றேன். மதியம் இருவரும் போய்ப் பார்த்தோம். குமிழி நடுவுக்கு வந்து, அதையும் தாண்டி மறுபக்கம் கொஞ்சம் போயிருந்தது. யாரும் தொடவில்லை. மேலே ஒரு தூசுப் படலம் அப்படியே கிடந்தது.

"சூடு," என்றார் சென்செய், அவள் கேட்டபோது. "வெயில் ஏறினா கல்லும் விரியும், தரையும் விரியும். ரெண்டாம் வருஷப் பாடத்திலேயே இருக்கு."

"அப்போ மழை நாள்ல நகரக் கூடாதுல்ல?"

அவர் ரசமட்டத்தைத் திரும்பக் கேட்கவில்லை.

சயோ ஒரு குறிப்பேடு வாங்கினாள். காலை எட்டரை, பத்தரை இடைவேளை, மதிய உணவு, கடைசி மணி, ஐந்து மணி என்று தினமும் ஐந்து தடவை ஓடுவாள். பையன்கள் அவளுக்கு 'நர்ஸம்மா' என்று பெயர் வைத்தார்கள். "நர்ஸம்மா, நோயாளிக்கு இன்னைக்குக் காய்ச்சல் எவ்வளவு?" என்பார்கள். அவளும் முகத்தைச் சுளிக்காமல் "அரைக் கோடு கிழக்கே" என்பாள். மழை நாளிலும் குமிழி நகர்ந்தது. வெயில் நாளிலும் நகர்ந்தது. ஒருநாள் காலையில் ஜன்னல் பக்கம் இருக்கும். அடுத்த வாரம் அதே காலையில் சுவர்ப் பக்கம். பட்டறையின் பெரிய அமுக்கு இயந்திரமா என்று பார்த்தாள். அது ஓடாத நாளிலும் அதேதான். ரயிலா என்று பார்த்தாள். சமையலறைக் கொதிகலனா என்றுகூடப் போய் விசாரித்தாள். சமையல்காரம்மா அவளுக்கு ஒரு சோற்று உருண்டை கொடுத்து அனுப்பினார்.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. விடுதி உணவுக்கூடத்தில் வெள்ளி மதியம் குழம்புச் சோறு. நான் இரண்டாவது தட்டில் இருந்தேன். சயோ சாப்பிடாமல் குறிப்பேட்டை என் பக்கம் தள்ளினாள்.

"நீயே பாரு. பைத்தியம் பிடிக்குது. குமிழி ஜன்னல் பக்கம் ரொம்பப் போற நேரத்தை மட்டும் குத்துமதிப்பா எழுதியிருக்கேன். திங்கள் எட்டரை. செவ்வாய் ஒன்பதேகால் மாதிரி. புதன் பத்து. வியாழன் பத்தே முக்கால். நேத்து மாதிரி இன்னைக்கு இருக்காதாம். தினமும் லேட்டு."

"தினமும் எவ்வளவு லேட்டு?"

"ஐம்பது நிமிஷம், முக்கால் மணி... அது என்ன கணக்கோ."

கரண்டி என் வாயிலேயே நின்றுவிட்டது. எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் பிறந்ததிலிருந்து நான் பார்த்து வந்த கணக்கு அது. அப்பா படகு எடுக்கும் நேரம். அம்மா பாசி வலையை இழுக்கும் நேரம். தினமும் ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகும்.

"ஏய், லூசு," என்றேன். "அது கடலுடி."

"எது?"

"ஏற்றவற்றம்! இன்னைக்குக் கடல் எப்போ ஏறிச்சு தெரியுமா? பதினொண்ணுக்கு. உன் குமிழி?"

அவள் குறிப்பேட்டைப் பார்த்தாள். உணவுக்கூடம் முழுக்க இரைச்சல். அவள் முகம் மட்டும் அப்படியே நின்றது.

"பத்தரைக்குப் பார்த்தப்ப இன்னும் நகர்ந்துகிட்டிருந்திச்சு. பன்னெண்டுக்கு நின்னிருந்திச்சு."

"அதான்."

"கடல் ஏறினா தரை எதுக்குடி சாயணும்?"

அது எனக்குத் தெரியாது. என் குழம்புச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஆனால் நானும் சாப்பிடவில்லை.

அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசி முந்தின மாதத்திலிருந்து எல்லா ஏற்றவற்ற அட்டவணைகளையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அடுத்த இரண்டு வாரமும் அளந்து, இருவரும் வரைபடத் தாளில் குமிழியைச் சிவப்பிலும் கடலை நீலத்திலும் வரைந்தோம். பட்டறை மூடியிருந்த நேரங்களில் சிவப்பு இல்லை. மற்ற இடமெல்லாம் இரண்டு கோடும் கைகோத்துக்கொண்டு போயின. சிவப்பு மட்டும் அரை மணி நேரம் பின்தங்கி.

குராமோச்சி சென்செய் அந்தத் தாளை மேஜையில் விரித்து நெடுநேரம் பார்த்தார். சயோ காத்திருந்தாள், என்ன எதிர்பார்த்தாள் என்று எனக்குத் தெரியும்.

"அதனாலதான் என் உருளை தப்பாச்சு," என்றாள். "தரை சாஞ்சா லேத்தும் சாயும்ல?"

"லேத்து மொத்தமா சாஞ்சா உருளையும் சேர்ந்துதான் சாயும். விட்டம் எப்படிக் குறையும்?" தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "நீ தப்புப் பண்ணின மூணு நாள்ல ஒரு நாள் கடல் வத்தியிருந்திச்சு. பாரு, உன் நீலக் கோடே காட்டுது."

சயோ பார்த்தாள். காது சிவந்தது.

"சூட்டோட அளக்கறே. வெட்டின துண்டு கொதிச்சுகிட்டிருக்கும், அப்போ நாற்பது இருக்கும். ஆறினா சுருங்கிடும். சரியா வந்த ரெண்டு நாளும் என்ன பண்ணினே, நடுவுல நிறுத்தினியா?"

அவள் யோசித்தாள். நானும் யோசித்தேன். அந்த இரண்டு நாளும் என் இயந்திரம் அவளுக்குப் பக்கத்தில். கடைசிச் சீவலுக்கு முன்னால் என் அக்காவின் கல்யாணக் கதையைக் கால் மணி நேரம் சொல்லியிருந்தேன். மற்ற மூன்று நாளும் என்னைப் பேச்சுக்காகக் கடைசி வரிசைக்குத் துரத்தியிருந்தார்கள்.

"சென்செய்," என்றேன், "அப்போ என் வாய்தான் அவ துண்டைக் காப்பாத்தியிருக்கு."

அவர் அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தார் போலிருந்தது. ஆனால் உடனே தாளுக்குத் திரும்பினார். பென்சிலை எடுத்து ஓரத்தில் ஏதோ பெருக்கினார். மறுபடி பெருக்கினார்.

"கடலோரத்து நிலம் கடல் பாரத்துல கொஞ்சம் அசையறதுண்டு. எல்லா ஊரிலயும். ஆனா அதைப் பிடிக்க இந்த ரசமட்டம் போதாது. இது..." என்று நிறுத்தினார். "இது பத்து மடங்குக்கும் மேல இருக்கு."

"அதிகமா?" என்றாள் சயோ. வெட்கமெல்லாம் போய்விட்டது. "எதனால சென்செய்?"

"தெரியல," என்றார் அவர். எங்கள் பட்டறையில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் பத்தேகாலுக்குக் கடல் ஏறும் வேளை. சென்செய் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தச் சொன்னார். ஜன்னலோரம் நின்ற சாணை இயந்திரத்தின் அருகே சயோ குப்புறப் படுத்தாள். ஒரு நீளத் திருப்புளியின் முனையைத் தரையில் வைத்து, பிடியைக் காதில் வைத்தாள். தாங்கு உருளையில், அதாவது பேரிங்கில், பழுது கேட்க நாங்கள் செய்வது அது.

"என்ன கேக்குது?" என்றேன்.

கையைக் காட்டி என்னை அடக்கினாள். பிறகு திருப்புளியை என்னிடம் கொடுத்தாள்.

நானும் படுத்தேன். முதலில் என் ரத்தம் ஓடும் சத்தம்தான். பிறகு அதற்குக் கீழே, தொலைவில், அது வந்தது. சளக்... சளக்... நின்று, மறுபடி சளக். படகின் அடித்தட்டில் படுத்தால் கேட்குமே, அதே சத்தம். பிறந்த வீட்டில் அந்தச் சத்தத்தோடு தூங்கினவள் நான். பட்டறைக்குள், இரண்டு டன் இரும்புக்குப் பக்கத்தில் அதைக் கேட்டபோது கை ரோமம் நிமிர்ந்தது.

கட்டுமானப் பிரிவு எங்கள் கல்லூரியிலேயே இருந்தது. மதியத்துக்குள் அவர்களுடைய ஆசிரியரும் ஐந்து மாணவர்களும் துளையிடும் கருவியோடு வந்துவிட்டார்கள். திருவிழாவுக்கு வந்தது போல் இருந்தார்கள். தரையிலிருந்து முள்ளங்கி போல் ஒரு கான்கிரீட் உருளையை உருவி எடுத்தார்கள். ஓட்டையிலிருந்து சேற்று வாடை குப்பென்று அடித்தது. சயோ ஒரு நூலில் பாரத்துக்கு ஒரு நட்டைக் கட்டி இறக்கினாள். மண் இருக்க வேண்டிய இடத்தில் நூல் போய்க்கொண்டே இருந்தது. நான் அதில் விரற்கடை எண்ணிக்கொண்டு வந்தேன். என் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கி, ஈரமாக மேலே வந்தது.

அன்று மூன்று மணிக்குப் பட்டறை வாசலில் மஞ்சள் நிறத் தடுப்புக் கயிறு கட்டினார்கள். உள்ளே யாரும் போகக் கூடாது. எப்போது திறக்கும் என்று தெரியாது.

சயோவுக்கு யாரும் கை தட்டவில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் செப்டம்பரில் காட்ட வேண்டிய இறுதித் திட்டங்கள் எல்லாம் அந்தக் கயிற்றுக்குள் மாட்டிக்கொண்டன. அவர்களில் தாதெகாவா என்று ஒருவர். நெட்டை, பேசும்போது எதிராளியின் தலைக்கு மேலே பார்ப்பார். சாணை இயந்திரத்தில் ஏப்ரலிலிருந்து ஏதோ ஒரு தாங்கியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விடுதிப் படிக்கட்டில் எங்களை வழிமறித்தார்.

"நீங்கதானே அந்தக் குமிழிக்காரங்க? இருபது வருஷமா நிக்கற பட்டறை. ஒரு நர்ஸம்மா வந்து மூடிட்டா."

"செம்பாய், கீழே காலியா இருக்கு," என்றாள் சயோ.

"இருந்திச்சு. நேத்தும் இருந்திச்சு. நான் வேலை பாத்துகிட்டுத்தானே இருந்தேன்? செப்டம்பர்ல நான் என்னத்தைக் காட்டறது, உன் குறிப்பேட்டையா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த மெஷினோட நீங்களும் உள்ளே போயிருந்தா செப்டம்பர்ல உங்களைத்தான் தேடணும்," என்றேன்.

செம்பாயிடம், அதாவது மூத்த மாணவரிடம், அப்படிப் பேசக் கூடாது. படிக்கட்டில் இருந்தவர்கள் எல்லாம் உறைந்துவிட்டார்கள். அவர் என்னையும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

அடுத்த பத்து நாள் சயோ என்னைத் தவிர யாரிடமும் பேசவில்லை. உணவுக்கூடத்தில் எங்கள் மேஜையில் யாரும் உட்காரவில்லை. நர்ஸம்மா என்று கேலி செய்யக்கூட ஆள் இல்லை. ஒருநாள் படுக்கையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "நான் பேசாம பட்டறையைக் கூட்டிட்டு மட்டும் போயிருக்கலாமோ?"

"இருக்கலாம்," என்றேன். "உன்னால முடிஞ்சிருக்குமா?"

என் பக்கம் புரண்டு படுத்து, "தண்ணி உள்ளே எப்படிப் போகுதுன்னு இன்னும் யாருக்கும் தெரியல, ஃபுமி," என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் திருந்த மாட்டாள்.

அந்த இடம் முழுக்கக் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். பட்டறைக்குப் பின்னால் புல்வெளி, அதற்கப்பால் தடுப்புச் சுவர், அதற்கப்பால் கடல். சுவரில் மேலே எங்கும் வெடிப்பு இல்லை. கட்டுமானப் பிரிவுக்காரர்கள் படகில் போய்ப் பார்த்தும் அகப்படவில்லை. அமாவாசைக்கு அடுத்த நாள் மாலை மூன்றரைக்குக் கடல் அந்த மாதத்திலேயே அதிகமாக வற்றும் என்று நான் அட்டவணையில் பார்த்துச் சொன்னேன். அவர்களுடைய ஆசிரியர் எங்களையும் வரச் சொன்னார். தீவிலிருந்து கொண்டுவந்த என் அப்பாவின் ரப்பர் காலணியைப் போட்டுக்கொண்டு போனேன், சயோவுக்கு அம்மாவுடையது.

சுவரடியில் இன்னொருவரும் நின்றுகொண்டிருந்தார். தாதெகாவா. முழங்கால் வரை சேறு.

"அந்த ஓட்டையைப் போய்ப் பாத்தேன்," என்றார். இந்தத் தடவை தலைக்கு மேலே பார்க்கவில்லை. "நான் நின்ன இடத்திலேருந்து ரெண்டு எட்டு. தரை ஒரு சாண் கனம்தான்." பிறகு, "குறிப்பேடு கொண்டாந்திருக்கியா? பாக்கலாமா?"

மன்னிப்பு அவ்வளவுதான். சயோ நீட்டினாள். அவர் சேற்றுக் கையை உடுப்பில் துடைத்துவிட்டு வாங்கினார்.

வரிசையாகச் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தோம். சேறு காலணியை விடாமல் இழுத்தது. சயோ இரண்டு தடவை விழுந்தாள். மூன்றாவது தடவை விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

"ஃபுமி, இந்த நண்டெல்லாம் எங்கே போகுது?"

குனிந்து பார்த்தேன். விரல்நகம் அளவு நண்டுகள், இருபது முப்பது, எங்கள் காலடிக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தன. சேற்றில் வளை தோண்டியிருந்தால் அதில் அல்லவா இறங்கும்? இவை சுவரை நோக்கி ஓடின. சுவரின் அடியில் இரண்டு கான்கிரீட் பலகைகள் சேரும் இடத்தில், பாசி மூடிய நிழலுக்குள் போய் மறைந்தன. சயோ பாசியை விலக்கி உள்ளே கையை விட்டாள். தோள்பட்டை வரை போனது.

"உள்ளேருந்து காத்து வருது," என்றாள். கன்னமெல்லாம் சேறு, கண் மட்டும் பளிச்சென்று. "ஜில்லுனு வருது!"

தாதெகாவா மண்டியிட்டுத் தானும் கையை விட்டுப் பார்த்தார். பிறகு கட்டுமானப் பிரிவு ஆசிரியர். பிறகு எல்லோரும், முறை போட்டுக்கொண்டு. ஒவ்வொரு தடவை கடல் ஏறும்போதும் அந்த வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய், இறங்கும்போது ஒரு பிடி மண்ணோடு வெளியே வந்திருக்கிறது. தினமும் இரண்டு தடவை. எத்தனை வருஷமாக என்று யாருக்கும் தெரியாது.

கோடை விடுமுறையில் சுவரை அடைத்தார்கள். தரையில் பன்னிரண்டு துளை போட்டுச் சாந்தை உள்ளே செலுத்தினார்கள். எத்தனை வண்டி வந்தாலும் குடித்துக்கொண்டே இருந்தது. தாதெகாவா பழைய தாங்கியைக் கைவிட்டு, சாய்வைத் தானே பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றைச் செய்யத் தொடங்கினார். செப்டம்பரில் அதைத்தான் காட்டினார். அவருடைய அறிக்கையின் முதல் பக்கத்தில் சயோவின் பெயர் இருந்தது. எழுத்துப் பிழையோடு. அவள் திருத்தச் சொல்லவில்லை, நான் சொன்னேன்.

பட்டறை திறந்த அன்று கடல் ஏறும் நேரத்துக்கு நாங்கள் ரசமட்டத்தைச் சுற்றி நின்றோம். குமிழி நடுவில் நின்றது. ஒரு மணி நேரம் ஆயிற்று, அசையவே இல்லை. பையன்கள் கை தட்டினார்கள். சயோவின் முகம் தொங்கிப்போனது.

"என்னடி?" என்றேன்.

"ஒண்ணுமில்லை. இனிமே சும்மாவே நிக்கும்ல."

அவள் உருளைகள் அதற்குப் பிறகு நாற்பதில் நின்றன. ஆறவிட்டு அளக்கக் கற்றுக்கொண்டாள். குராமோச்சி சென்செய்யே ஒருமுறை 'பரவாயில்லை' என்றார். அவர் 'பரவாயில்லை' சொல்லிக் கேட்டவர்கள் விடுதியில் மூன்று பேர்கூட இல்லை. அப்படியிருந்தும் ஜனவரியில் அவள் பிரிவு மாற்றும் விண்ணப்பத்தோடு அவர் முன்னால் போய் நின்றாள். கட்டுமானப் பிரிவுக்கு.

"இப்பத்தான் உனக்குக் கை வந்திருக்கு," என்றார்.

"தெரியும், சென்செய்."

"அங்கே எல்லாம் சேறு. மில்லிமீட்டர்ல நூறில் ஒண்ணாவது, ஆயிரத்தில் ஒண்ணாவது! சாண் கணக்குல வேலை."

"அந்தச் சேறு என்ன பண்ணுதுன்னு பாக்கணும்."

அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். முத்திரை மை காயட்டும் என்று அவளே ஊதி ஊதிக் காயவைத்தாள்.

இயந்திரப் பிரிவில் இப்போது நாங்கள் இரண்டே பெண்கள். பட்டறையில் பக்கத்து இயந்திரம் காலி; பேச ஆள் இல்லாததால் என் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது, சூட்டோடு அளந்துவிடுகிறேன், திட்டும் வாங்குகிறேன். நேற்று அறைக்குப் போனபோது குளியலறைத் தொட்டி நிறைய எட்டுக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறத்தில் சேறு, ஒவ்வொன்றின் மேலும் ஊர்ப் பெயர்.

"குளிக்கணும்டி," என்றேன்.

"தொடாதே! ஏழாவது இன்னும் படியல. ஏன்னு தெரியல."

நான் குப்பியை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். உண்மைதான். மற்ற ஏழிலும் தண்ணீர் தெளிந்திருந்தது. இதில் மட்டும் பால் போல் கலங்கி நின்றது. துண்டைத் தோளில் போட்டபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.